பின்கதவைத் தாங்கிய தண்டுகள்

எங்கள் காரின் பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும். அதைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் காஸ் அடைத்த தண்டுகள் இருந்தன. கறுப்புக் குழல், அதற்குள் போய்வரும் மினுங்கும் கம்பி, அவ்வளவுதான். புதிதில் கதவைக் கொஞ்சம் அசைத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும்.

தொண்ணூறில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் பாதை அடைபட்ட பிறகு பெற்றோலும் வரவில்லை, உதிரிப்பாகமும் வரவில்லை. கோப்பாயில் என் கணவர் அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஏறியவர்கள் பெரும்பாலும் நோயாளிகள். பின்இருக்கையை மடித்தால் ஓர் ஆளைப் படுக்க வைக்கலாம். பெண்கள் என்றால் துணைக்கு நானும் போவேன்.

காஸ் மெல்ல மெல்லக் கசிந்து தண்டுகள் இரண்டும் செத்துப்போயின. பூவரசந்தடி ஒன்றை முட்டுக்கொடுத்துச் சமாளித்தோம். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நிறைமாதப் பெண் ஒருத்தியை இறக்கும்போது, அவளுடைய தமையனின் தோள் தடியில் பட்டது. கதவு வந்த வேகத்தில் நான் யோசிக்கவில்லை. அவள் வயிற்றுக்கு மேலே கையை நீட்டிவிட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

கார் திருத்தும் கராச்காரர் தண்டைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். கம்பி உள்ளே போய் அப்படியே கிடந்தது.

“உதுக்குத் திருப்பிக் காஸ் அடிக்கேலாது. உதே மாதிரிக் கார் ஒண்டு குருநகரிலை நிக்குது. ஆனால் அந்த மனிசன் தராது.”

அதன் காரணம் எங்களுக்கும் தெரிந்த கதைதான். அந்த மனிதர் கடற்றொழில் செய்தவர். மாதா கோயிலுக்குப் பூசை காணப் போன வழியில் ஆமி ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதில், பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி காருக்குள்ளேயே இறந்துவிட்டார். இவருக்கு ஒரு கீறலும் இல்லை.

கார் வீட்டின் பின்னால் பழைய வலையால் மூடிக் கிடந்தது. என் கணவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் எங்களை இருக்கச் சொல்லவில்லை.

“ரயர் கேட்டு வந்தவை. எஞ்சின் கேட்டும் வந்தவை. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை” என்றார். பிறகு என் கட்டைப் பார்த்தார். “கையிலை என்ன?”

“கதவு விழுந்தது அண்ணை. பிள்ளைத்தாய்ச்சி ஒண்டு கீழை கிடந்தது.”

“பிள்ளை?”

“பிறந்திட்டுது. சுகமாய் இருக்கினம்.”

அவர் வலையை இழுத்துப் போட்டார். முன்கூரையில் ஓட்டைகள். இருக்கைப் பக்கம் நான் பார்க்கவில்லை. அவர் பின்கதவின் பூட்டைத் திறந்தார். கதவு தானாகவே, பெருமூச்சு விடுவது போன்ற சத்தத்துடன் எழுந்து நின்றது. அந்த நாளுக்குப் பிறகு அதை அவர் திறக்கவேயில்லை என்பது உள்ளே பார்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. பன்புல்லால் இழைத்த பன்பை ஒன்று கிடந்தது. அதற்குள் கோயிலுக்கென்று வாங்கிய மெழுகுதிரிகள் வெயிலில் உருகி, மடித்து வைத்திருந்த சட்டைத்துணி ஒன்றோடு ஒட்டிக் கட்டியாகிப் போயிருந்தன. அவர் நகத்தால் மெழுகைச் சுரண்டிப் பார்த்தார். துணி கிழியத் தொடங்கவும் நிறுத்திவிட்டார்.

“மனிசி நீலச் சட்டை தைக்க எண்டு வாங்கினவ” என்றார். “எனக்கு மறந்துபோச்சு.”

பன்பையை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, “கழட்டுங்கோ” என்றார்.

கதவை அவர் தோளில் தாங்கினார். தண்டின் நுனியில் இருக்கும் சின்னக் கவ்வியைத் திருப்புளியால் நெம்பி என் கணவர் ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டாவது வந்ததும் கதவின் முழுப்பாரமும் அவர்மேல் இறங்கியது. விடுங்கோ, நான் பிடிக்கிறன் என்று என் கணவர் போனபோது அவர் விலகவில்லை. தனியாகவே மெல்ல மெல்லத் தாழ்த்தி, சத்தமில்லாமல் மூடினார். பிறகும் கனநேரம் கையை எடுக்கவில்லை. நாங்கள் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டபோது, “ஓம்” என்றார், திரும்பாமலே.

எங்கள் காரில் பொருத்திய பிறகு என் கணவர் அந்தத் தண்டுகளைக் கவனமாய்ப் பராமரித்தார். உப்புக்காற்று கம்பியை அரித்தால் காஸ் கசிந்துவிடும் என்று நாளும் மெல்லிய துணியால் துடைப்பார். எண்ணெய் பூச விடமாட்டார், புழுதி ஒட்டுமாம்.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி, எங்கள் வலிகாமப் பகுதியே ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அந்தக் காரில்தான் நாங்களும் புறப்பட்டோம். சனத்துக்குள் கார் நகரவில்லை. விடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பின்கதவைத் திறந்து விட்டோம். அதன் கீழே முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் ஒதுங்கினார்கள். தகப்பனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளி வந்த ஒரு பெண், அவரை உள்ளே கிடத்தட்டுமா என்று கேட்டாள். கிடத்தினோம். கொஞ்ச நேரத்தில் அவள் என் கையைப் பிடித்து, “அக்கா, ஐயாவை ஒருக்காப் பாருங்கோ” என்றாள்.

உடம்பு குளிர்ந்திருந்தது. நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒதுங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராக மழைக்குள் இறங்கி நடந்தார்கள். மண்ணெண்ணெயும் முடிந்துபோயிருந்தது. அங்கேயே புதைக்க என் கணவர் மண்வெட்டி தேடிப் போனார். அவர் வரும்வரை நானும் அந்தப் பெண்ணும் காரின் விளிம்பில், கதவுக்குக் கீழே இருந்தோம்.