சத்தத்தை நிறுத்திப் பார்த்தேன்

காசநோய் மாத்திரையை நோயாளி விழுங்குவதை யாராவது தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு மாதம். ஜெராம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இதற்காக ஒருவர் கோல சிலாங்கூருக்கு, எங்கள் கிளினிக்குக்கு, மோட்டாரில் வந்து போனால் காலை வேலை போச்சு. பலர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். நான் திட்டுவேன். திட்டி அலுத்துப்போய்த்தான், வீட்டிலேயே விழுங்குங்கள், கைப்பேசியில் வீடியோப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். பலித்தது. என்னை மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள்.

காலையில் தேநீரோடு உட்கார்ந்து வரிசையாகப் பார்ப்பேன். எனக்கு வேண்டியது வாயும் தொண்டையும்தான். சேவல், தொலைக்காட்சி, பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் எதற்கு? சத்தத்தை நிறுத்திவிடுவேன்.

தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் ஒருநாள்கூடத் தவறவில்லை. படம் எடுத்தது அவர் மனைவி. தொடக்கத்தில் அந்த அம்மாவுக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். சுத்தமாக இருந்தது. மறுபடி வரச் சொன்ன நாளில் அவர் வரவில்லை. நானும் விடாமல் கூப்பிடவில்லை. கணவர் குணமானார். அவருடைய படங்களைத்தான் கூட்டங்களில் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரலில் மிச்சம் அதிகமில்லை.

"எவ்வளவு நாளா இருமல்?" என்று கேட்டேன்.

"அவரு மருந்து சாப்பிடறப்பவே இருந்திச்சி டாக்டர். நீங்கதான் தினம் வீடியோ பாக்கிறீங்களே. ஏதாச்சும்னா நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்திட்டேன்லா."

ஒன்பதாம் நாள் இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். மனசு மரத்துப்போயிருந்தது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த வாரம் பழைய படங்களைச் சத்தத்தோடு போட்டேன். "வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க." பிறகு அந்த அம்மாவின் இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் படம் குலுங்கியது. அந்தக் குலுக்கலை நான் அப்போதே பார்த்திருக்கிறேன். அதற்கு நான் அனுப்பிய செய்தியும் கைப்பேசியில் அப்படியே இருந்தது: "படம் ஆடுகிறது. அசையாமல் பிடிக்கவும்."

"சரி டாக்டர், மன்னிச்சிக்குங்க" என்று பதில் போட்டிருந்தார்.

மறுநாளிலிருந்து படம் ஆடவில்லை. கைப்பேசியை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் இருமியிருக்கிறார்.