‘மற்றவை’

மருத்துவமனையில் எல்லோரும் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவளும் அதைக் கண்டுகொள்வதில்லை. பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களை மறுபடி விழுங்கப் பழக்குவது அவள் வேலை. மசித்த உணவை ஒரு கரண்டி கொடுத்து, தொண்டையில் விரல் வைத்து, அது ஏறி இறங்கும்வரை காத்திருப்பாள். அவசரப்பட்டால் புரையேறி, சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விடும்.

அந்த ஆண்டு சர்வதேசக் குறியீட்டு முறை வந்தது. நோயாளிக்கு யார் என்ன செய்தாலும், உலகம் முழுக்கப் பொதுவான ஒரு குறியீட்டைக் கணினியில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் தேடினாள். விழுங்கும் பயிற்சி அதில் இல்லை.

“‘மற்றவை’ன்னு போட்டுடுங்க மேடம்” என்றார் பதிவு அதிகாரி. போட்டாள்.

சில மாதங்களில் அவளுடைய உதவியாளரை எக்ஸ்ரே பிரிவுக்கு மாற்றினார்கள். ‘மற்றவை’ எந்தப் பிரிவின் கணக்கிலும் சேராது; அதனால் அவள் பிரிவில் வேலையே நடக்கவில்லை என்று அறிக்கை சொல்கிறதாம். தனியாளாக அவளால் எல்லாக் கட்டிலுக்கும் போக முடியவில்லை. ஒரு பஸ் டிரைவருக்கு அவர் மனைவியே ஊட்டிவிட்டாள். புரையேறி, நிமோனியா வந்து, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள்.

“நான்தான் அவர இப்படி ஆக்கிட்டேனாக்கா?”

“நீ ஒண்ணும் பண்ணல. அழாத, சும்மா இரு!” என்று மிளகாய் அதட்டினாள். அந்தப் பெண்மேல் அவளுக்குத் துளியும் கோபமில்லை.

உலகத்துக்கே குறியீடு எழுதினவனுக்குத் தொண்டை கிடையாதா என்று திட்டிக்கொண்டே, முழுத் தொகுப்பையும் இணையத்தில் திறந்தாள். விழுங்கும் பயிற்சி அங்கே இருந்தது. ஊட்டும் முறையைக் குடும்பத்தாருக்குச் சொல்லித்தருவதற்குக்கூடக் குறியீடு இருந்தது. நேரே அதிகாரியின் அறைக்குள் போனாள்.

“இதையெல்லாம் யாரு சார் எடுத்தது?”

“லிஸ்ட் ரொம்ப நீளம் மேடம். டாக்டருங்க தேடச் சிரமப்படுவாங்கன்னு முக்கியமானதை மட்டும் வெச்சோம்.”

“எது முக்கியம்னு எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கமிட்டி முடிவு அது.”

“அந்தக் கமிட்டில சாப்பாடு போட்டாங்களா சார்? நல்லா முழுங்கினீங்களா?”

அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

அடுத்த கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். விடுபட்ட குறியீடுகள் கணினியில் ஏறின. உதவியாளர் மட்டும் திரும்பவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். டிரைவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் அவருக்குச் சாப்பாடு.

இன்றைக்கும் நடைபாதையில் அந்த அதிகாரி வணக்கம் சொன்னால், மிளகாய் பதில் சொல்வதில்லை.