முனியாண்டி முடக்கில் திரும்பக் கற்றது

லோங்போர்டில் விழாமல் நிற்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதில் ஒழுங்காகத் திரும்ப மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் நான் விழுந்தது ஒரே இடத்தில்தான், முனியாண்டி சாமியின் காலடியில்.

நான் இலங்கை மலைநாட்டில், எல்லவில் ஒரு தங்குமிடத்தில் வேலை செய்கிறேன். அறை கூட்டுவேன், ரொட்டி சுடுவேன், வெள்ளைக்காரர்களின் பெட்டி தூக்குவேன். சீசன் முடிந்ததும் முதலாளி ஆட்களைக் குறைக்கத் தொடங்கினார். அதே நேரத்தில் அவருக்கு ஒரு யோசனையும் வந்தது. வருகிறவர்களுக்கு லோங்போர்ட் கொடுத்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இறக்கிவிடலாமாம். சக்கரம் வைத்த நீளப் பலகை அது, அதன் மேல் நின்றபடியே மலையிறங்க வேண்டும். முன்னால் போய் வழிகாட்ட ஓர் ஆள் தேவை.

"மேல் டிவிஷன்லருந்து கீழ தேயில பெக்டரி வரைக்கும் விழாம வந்து காட்டு. மூணு வாரம் தாறேன். வந்தா வேல ஒனக்கு. இல்லாட்டி நான் வேற ஆள் பாக்கணும்" என்றார்.

வேறு ஆள் என்றால் எனக்குக் கொழும்புதான். மாமா ஒரு துணிக்கடையில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். என் இரண்டு அண்ணன்களும் அப்படிப் போனவர்கள்தான், இப்போது தீபாவளிக்கு மட்டும் எங்கள் லயத்து வீட்டுக்கு வருகிறார்கள். வீட்டில் அம்மாவும் நானும்தான் மிச்சம். நானும் போய்விட்டால், கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மாவுக்குக் கதவைத் திறக்கக்கூட ஆள் இல்லை. அம்மா இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக என் பலகையைத் திட்டுவார்.

"முப்பது வயசுல சக்கரம் வெச்ச பலகைல ஏறி நிக்கிறான் பாரு! அடுப்புல வெக்கத்தான் லாயக்கு அது."

எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்களோடு வேலை செய்யும் ஒரு பிள்ளை. பக்கத்து ஊர் தெமோதரைக்காரி, என்னைவிட ஐந்து வயது இளையவள். தங்க வந்த பெண்களிடம் பார்த்துப் பழகியவள். வாய் என்றால் வாய். நான் முதல்நாள் இடுப்பை வளைத்து நின்றதைப் பார்த்ததும் தொடங்கிவிட்டாள்.

"என்னண்ணே, காசு தொலைச்சிட்டீங்களா? ரோட்ல என்னத்த தேடுறீங்க? முதுகு நேரா, முழங்கால மடக்குங்க. பாரத்த முன்னங்கால்ல போடுங்க."

திரும்புவதற்கு அவளிடம் ஒரே விதிதான் இருந்தது. "போக வேண்டிய எடத்த பாருங்க. கண்ணு போனா தோள் போகும், தோள் போனா இடுப்பு போகும். பலகை பின்னாலயே வரும்."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். முதல் நான்கு வளைவுகளில் ஒரு கஷ்டமும் இல்லை. ஐந்தாவதுதான் முனியாண்டி முடக்கு. மலை உள்வாங்கும் இடத்தில் ரோடு இடது பக்கம் மடங்கித் திரும்பும். வலது பக்க மேட்டடியில், மரத்துக்குக் கீழே, சூலத்தோடு முனியாண்டி. நான் இடது காலை முன்னால் வைத்து நிற்பவன், ஆகவே என் நெஞ்சு வலது பக்கம் பார்த்தபடி இருக்கும். ரோடு இடது பக்கம் திரும்பியது. நானும் பலகையும் நேராகப் போய்ச் சாமி முன்னால் குப்புற விழுந்தோம். விளக்கு கவிழ்ந்து சட்டையெல்லாம் எண்ணெய். தலையில் ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தேன், மானம்தான் கப்பலேறியது.

சக்கரம் சரியில்லை என்றேன். சக்கரத்தை மாற்றினாள். மணல் கிடக்கிறது என்றேன். கூட்டினாள். ஈரம் என்றேன். வெயிலடித்த மத்தியானத்தில் இறங்கவைத்தாள். அப்போதும் சாமி காலடிதான். எனக்குக் கோபம் வந்து பலகையை உதைத்தேன். அது பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. தேயிலைக்குள் இறங்கித் தேடி எடுக்க அரைமணி நேரம் ஆனது, அட்டை கடித்தது வேறு.

இரண்டாவது வாரம் அவள் என்னைப் போனில் வீடியோ எடுத்தாள். பிறகு போட்டுக் காட்டினாள். முடக்குக்கு வந்ததும் என் முகம் சாமி பக்கம் திரும்புகிறது. வலது கை நெஞ்சைத் தொட்டு உதட்டுக்குப் போகிறது. அடுத்த நொடி நான் விளக்கின் மேல்.

"அண்ணே, விழுறதுக்கு முந்தி சாமிக்கு ஒரு முத்தம் வேறயா?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சத்தியமாக, அப்படிச் செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் அந்த முடக்கைக் கும்பிடாமல் கடக்கிறவர் யாரும் இல்லை. கொழுந்து லொறிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிடுவார். பஸ்ஸில் தூங்குகிறவர்கூட அந்த இடத்தில் விழித்து நெஞ்சைத் தொட்டுவிட்டுத் தூங்குவார். அம்மாவின் இடுப்பில் நான் இருந்த காலத்திலிருந்து என் கழுத்துக்கு அது பழக்கம்.

"சாமிய பாக்காதீங்க" என்றாள்.

"ஒனக்கு லேசு. நீ சர்ச்சுக்குப் போறவ."

"நான் எங்க சர்ச் முன்னால பலகையை நிப்பாட்டிட்டு இறங்கித்தான் சிலுவை போடுவேன். நீங்க ஓடுற ஓட்டத்துல கும்பிடுறீங்க!"

நிறுத்திப் பார்த்தேன். அந்த இறக்கத்தில் நிறுத்தினால் முதலாளி அதை ஓட்டம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். மேலேயே கும்பிட்டுவிட்டு வந்தேன். முடக்கில் கை இன்னொரு தரம் தானாகப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்காமல் போனேன். சாமி முறைப்பது போலப் பயம் வந்து, திரும்பிப் பார்த்து, அப்படியே விழுந்தேன். ஒரு தரம் கண்ணை மூடினேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

கும்பிடாமல் போனேன் என்ற செய்தி எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சாமிய பாக்காம போறியாமே? தலைக்கனம் புடிச்சிருச்சா? அதான் விழுற!"

"பாக்குறதாலதாம்மா விழுறேன்!"

"பேச்ச பாரு! கும்பிட்டு எவன்டா விழுந்தான்?"

"நான் விழுந்தேன்! பதினேழு தரம்!"

அன்று நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் சாப்பிடாமல் படுத்தேன். துணிக்கடையில் சேலை மடிப்பதற்கு முழங்கால் மடங்கவேண்டுமா, நேராக இருக்கவேண்டுமா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், முதலாளி ஆட்டோவில் வந்து முடக்குக்குக் கீழே, முழு வளைவும் தெரிகிற இடத்தில் நின்றார். தெமோதரைக்காரி ரோட்டில் வண்டி வராமல் பார்த்துக்கொண்டாள். நான் மேலிருந்து இறங்கினேன். நான்கு வளைவு சரியாகப் போனது. ஐந்தாவது நெருங்கும்போதே கை அரித்தது. முனியாண்டி வலது பக்கம் ஆயத்தமாக நின்றார்.

அப்போது இடது பக்கம், முடக்கு முடிந்து ரோடு நேராகிற இடத்தில், சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஒரு கல். அதற்குச் சிவப்புத் துணி, மஞ்சள், குங்குமம், மேலே ஓர் எலுமிச்சம்பழம். பக்கத்தில் அம்மா கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

என் கழுத்து யாரையும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கை நெஞ்சைத் தொட்டது. தோள் போனது, இடுப்பு போனது, பலகை பின்னாலேயே வந்தது. முனியாண்டி வலது பக்கமே பின்தங்கிவிட்டார். நான் அம்மாவைத் தாண்டி, ஆட்டோவைத் தாண்டி, பெக்டரி வாசல்வரை நின்றபடியே போய்ச் சேர்ந்தேன்.

முதலாளி பின்னாலேயே ஆட்டோவில் வந்து, "வேல ஒனக்குத்தான்" என்றார். "ஆனா அந்தக் கும்பிடு எதுக்கு?"

"அது இல்லாம வளையாதுங்க" என்றேன்.

பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஓடினேன். அம்மா கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தெமோதரைக்காரி ஒருநாள் லயத்துக்கே வந்து அந்த வீடியோவைக் காட்டினாளாம்.

"ஒன் கழுத்த மாத்த முடியாது, எனக்குத் தெரியாதா? அதான் சாமிகிட்ட கேட்டுட்டு, அவரு காலடி கல்லு ஒண்ண இங்க கொண்டாந்து வெச்சேன்" என்றார் அம்மா.

"பலகையை அடுப்புல வெக்கணும்னீங்க?"

"வெக்கத்தான் நெனச்சேன். நீயும் கொழும்புக்குப் போயிட்டா நான் யாரோட சண்ட போடுறது?"

நான் பலகையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் திரும்புனது நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் எங்கடா பாத்தேன்? நீ வர்ற சத்தம் கேட்டதும் பயத்துல கண்ண மூடிக்கிட்டேன். போ, மேல போய் இன்னொருக்கா வா."

நான் பலகையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.