உள்ளே தள்ளிய வரி

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘அரைத்தூக்கம்’ என்று பட்டப்பெயர். இரவு நர்ஸ், வேறென்ன பெயர் வைப்பார்கள்? வீட்டுக்காரன் பகலில் பஸ் ஓட்டுகிறவன். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது அவன் மாட்டிக்கொண்டிருப்பான். சாயங்காலம் இதே கூத்து தலைகீழாக நடக்கும். லீவுகூட ஒத்து வந்து தொலையாது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம், ஒரே கட்டில், ஆனால் முறைவைத்துத் தூக்கம். இதுவும் ஒரு குடித்தனமா என்று அவளுக்குச் சிரிப்பு வரும். சில நாள் அழுகையும் வரும்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் பகல் வேலை ஒன்று காலியானது. அவள் தானே படித்துக்கொண்ட பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி இன்று நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஓடினால் பகல் அவளுக்கு. தெரிந்ததைத்தானே எழுத முடியும்? ‘கட்டில்’ என்று ஒரு கிளாஸ், அதாவது கட்டிலுக்கான வார்ப்பு, எழுதினாள். நோயாளியை ஏற்பது, சலைன் தீர்ந்தால் கூப்பிடுவது என்று கட்டிலின் வேலைகளைச் சொல்லும் வரிகளெல்லாம் அதற்குள் ஓரத்திலிருந்து தள்ளி நிற்கவேண்டும். இடது ஓரத்தை ஒட்டி நின்றால் அந்த வேலை கட்டிலுக்குச் சொந்தமில்லை.

நேற்று மதியம் தூங்கி வழிந்துகொண்டே முடித்துவிட்டு, திரையை அணைக்காமலே வேலைக்குப் போய்விட்டாள். இன்று ஓட்டினால், ‘கூப்பிடு’ என்ற கடைசி வேலையின் முதல் வரி மற்றவற்றோடு ஒட்டவில்லை என்கிறது கம்ப்யூட்டர்.

ஜன்னல் திரையைத் தாண்டி வந்த வெயில் மேஜையில் பாலாடையாய்ப் படிந்திருந்தது. கண் சொருகியது. வரிகள் மெல்ல ஆடின. கட்டில்கள் வரிசையாக மிதந்து போவதுபோல் இருந்தது. உலுக்கிக்கொண்டு பார்த்தாள். எல்லா வரிகளும் நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் நின்றன. இதற்கு என்ன கேடு?

அம்புக்குறி விசையை அழுத்திப் பார்த்தாள். மற்ற வரிகளில் கர்சர் ஒரே தாவலில் உள்ளே போனது. இந்த வரியில் மட்டும் அடிமேல் அடி வைத்து நடந்தது. அவள் எப்போதும் ஒரே தட்டில் உள்ளே தள்ளும் டேப் விசையைத்தான் தட்டுவாள். இது வேறு கை.

அவனுக்குப் போன் போட்டாள்.

“நீங்க கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?”

“ஏன், கெட்டுப்போச்சா?” பஸ் நிலைய இரைச்சலில் அவன் குரல் பயந்தது. “ஒரு வரி மட்டும் ஓரமா ஒதுங்கி நின்னுச்சு. பாவமா இருந்துச்சு, உள்ள தள்ளி விட்டேன். அந்த நீள பட்டனத் தட்டித் தட்டி மத்ததுக்கு நேரா கொண்டுவந்தேன்.”

தூக்கக் கலக்கத்தில் வரியை வெளியே விட்டவள் அவள்தான். ஒரு எழுத்தும் புரியாதவன் அதைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்திருக்கிறான், தட்டிய விசைதான் தப்பு; டேப்பும் இடைவெளியும் கலந்தால் பைத்தான் ஏற்காது. இடைவெளிகளை அழித்து ஒரு டேப் தட்டினாள். நிரல் ஓடியது, திரையில் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன. அனுப்பிவிட்டு மேஜையிலேயே தலை சாய்த்தாள்.

வேலை கிடைத்தது. முதல் பகல் முடிந்து வந்த இரவு, இருவரும் கட்டிலருகே விருந்தாளிகள் மாதிரி நின்றார்கள்.

“நீ எந்தப் பக்கம் படுப்ப?”

“ஜன்னல் பக்கம்.”

“நானும் அங்கதான்.”

ஒன்றரை வருஷமாக இரண்டு பேரும் ஒரே குழியில்தான் படுத்திருக்கிறார்கள். “சரி, நான் உள்ள தள்ளிக்கிறேன்” என்று அவன் சுவர்ப் பக்கம் நகர்ந்தான். சற்று நேரத்தில் அறை அதிர்ந்தது. அவன் குறட்டை விடுவான் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.