டி பிரிவு டீச்சருக்கு நான் போட்ட மார்க்

எங்கள் பள்ளியில் வாத்தியார்களுக்கும் ரிசல்ட் உண்டு. பத்தாம் வகுப்பு முடிவு பேப்பரில் வந்த மறுநாள், ஆசிரியர் அறையில் இருந்த கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து, எந்தப் பிரிவில் எந்த ஆசிரியரிடம் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று எழுதி வைப்போம். நல்ல சதவீதம் மஞ்சள் சாக்பீஸில், மோசமானது சிவப்பில். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எழுதும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். ஏ பிரிவுக்குக் கணக்கு எடுத்தவனும் நானே. ஆக, ஏழு வருடம் என் பெருமையை என் கையாலேயே மஞ்சளில் எழுதிக்கொண்டேன்.

பருத்திப்பட்டு ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளி அது. எண்பதுகளின் பின்பாதி. ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வந்த எல்லாருக்கும் கணக்கில் ஒரு பரீட்சை வைப்போம். அதிகம் வாங்கியவர்கள் ஏ பிரிவு, ஒற்றை இலக்கத்தில் வாங்கியவர்கள் டி பிரிவு. ஏ பிரிவில் பெரும்பாலும் பேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். சாயங்காலம் டியூஷன் உண்டு, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. டி பிரிவில் இருந்தவர்களின் தாத்தாக்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அப்பாக்கள் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்தவர்கள். இப்படி நாங்களே அரிசி வேறு, குருணை வேறு என்று புடைத்து வைத்துவிட்டு, வருடக் கடைசியில் யார் கெட்டிக்கார வாத்தியார் என்று பலகையைப் பார்த்துச் சொல்வோம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

டி பிரிவுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் என்னைவிட நான்கு வயது இளையவர். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வருவார். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு வருடமும் தாளாளர் புதிதாக ஆர்டர் கொடுத்தால்தான் உண்டு. இரண்டு ஜூன் மாதம் அவர் பெயருக்கு நேரே சிவப்பில் எழுதினேன். நான் எழுதுவதைப் பார்த்தபடியே டீயைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார். அந்த அமைதி எனக்கு எரிச்சலூட்டும்.

மூன்றாவது வருடம், பொங்கல் லீவு முடிந்ததும் தாளாளர் என்னை அழைத்தார்.

“அந்தம்மாவை வர்ற ஜூன்ல நிறுத்திடலாம்னு பார்க்கிறேன். சும்மா அனுப்பினா பேச்சு வரும். கணக்குல நீங்கதான் சீனியர். ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்து எழுதிக் கொடுங்க” என்றார்.

கூடவே ஒரு படிவம் கொடுத்தார். குரல், கரும்பலகைப் பயன்பாடு, வகுப்பு ஒழுங்கு, பாடக்குறிப்பு என்று பத்துத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

டி பிரிவு நடந்தது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகையில். உள்ளே போனால் சந்தைக்கடை. பலகையில் ஓர் எழுத்து இல்லை. பிள்ளைகள் ஐந்தாறு பேராகத் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஒரு வட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னவோ சொல்வார், எழுந்து அடுத்த வட்டத்துக்குப் போவார். வகுப்பு ஒழுங்குக்கு இரண்டு மார்க் போட்டேன். கரும்பலகைக்கு முட்டை. பொய் சொல்வானேன், போடும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

பக்கத்தில் இருந்த, மீசை அரும்பிய ஒருவனிடம் “இன்னைக்கு என்ன பாடம்டா?” என்று கேட்டேன்.

“யாருக்கு சார்?” என்றான்.

நக்கல் பண்ணுகிறான் என்று முறைத்தேன். அவன் அசரவில்லை.

“நான் வகுத்தல்ல கீறேன் சார். இவன் பின்னத்துக்குப் பூட்டான். அதோ, அதுங்க நாலு பேரும் பத்தாவது புக்குலயே கீதுங்க. இவன் மட்டும் இன்னும் கழித்தல்ல கீறான். இந்த வாரம் ஏறிடுவான்.”

“ஜூன்ல நீ எங்கடா இருந்தே?”

“கூட்டலே தகராறு சார். விரலை உட்டுதான் எண்ணுவேன்” என்று சொல்லிச் சிரித்தான். கழித்தலில் இருந்தவனும் சேர்ந்து சிரித்தான். இரண்டு பேர் முகத்திலும் வெட்கம் என்பதே இல்லை.

எழுந்து வட்டம் வட்டமாகப் போய்க் கேட்டேன். பையன்கள், பெண்கள், முன்னால் இருந்தவர்கள், மூலையில் இருந்தவர்கள். ஐம்பத்திரண்டு பேரில் பாதிப் பேரையாவது கேட்டிருப்பேன். தாங்கள் எங்கே இருக்கிறோம், எங்கிருந்து வந்தோம், அடுத்து எங்கே போகவேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஏழு வருடம் வாத்தியாராக இருந்தும் இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. இப்படி ஒன்று நடக்க முடியும் என்று நினைத்ததும் இல்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் என் வகுப்பில் ஒருவனை எழுப்பி, “கணக்குல நீ எங்க இருக்கே?” என்று கேட்டேன்.

“செகண்ட் ரேங்க் சார்.”

“அது சரி. உனக்கு எது வராது?”

திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் இருந்தவன் உதவிக்கு வந்தான்: “அவன் தொண்ணூத்தி மூணு சார்!”

அன்று மாலை ஆவடி பஸ் ஸ்டாப்பில், டி பிரிவில் படித்த ஒரு பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ஒரு வாத்தியாருக்கு மார்க் போடச் சொல்லியிருக்கிறார்கள், எப்படிப் போடுவதென்றே புரியவில்லை என்று பொதுப்படையாகப் புலம்பினேன்.

“இதுல இன்னா சார் கஷ்டம்? எங்க கம்பெனியில பீஸு உள்ள வரச்சொல்ல ஒருதபா அளப்பான், வெளிய போகச்சொல்ல ஒருதபா அளப்பான். நடுவுல எவ்ளோ ஆச்சோ அதான் மிசின்ல நிக்கிறவன் வேல. போகச்சொல்ல மட்டும் அளந்தா யாரைன்னு குத்தம் சொல்றது?”

“பிள்ளைங்க இரும்பு இல்லையே” என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

“இரும்புக்கே ரெண்டு தபா அளக்கறோம் சார்” என்றார்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளைப் பிரிக்க ஜூனில் வைத்த பரீட்சையின் விடைத்தாள்கள் பீரோவில் கட்டாகக் கிடந்தன. திருப்புதல் தேர்வு என்று தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, அதே கேள்வித்தாளை ஏ பிரிவுக்கும் டி பிரிவுக்கும் மறுபடி கொடுத்தேன். நானே திருத்தினேன்.

டி பிரிவில் ஆறு மார்க் வாங்கியிருந்த பெண் முப்பது வாங்கியிருந்தாள். எங்கள் பலகையில் அவள் அப்போதும் பெயில்தான். எட்டு வாங்கியவன் நாற்பத்தொன்று. ஜூனில் வெள்ளைத்தாளாகக் கொடுத்தவன் இருபத்தேழு. ஒவ்வொரு தாளையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. எட்டே மாதத்தில் ஒரு மனுஷி இதைச் செய்திருக்கிறார், நான் அதற்குச் சிவப்பு சாக்பீஸ் எடுத்திருக்கிறேன்.

பிறகு என் தாள்கள். தொண்ணூறு எடுத்தவன் தொண்ணூறிலேயே இருந்தான். அவ்வளவு உயரத்தில் இருப்பவன் இன்னும் எங்கே ஏறுவான் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். ஆனால் அறுபது எடுத்தவனும் அறுபத்திரண்டில் நின்றான். மூன்று முறை சரிபார்த்தேன். ஜூனில் குவார்ட்டர்ஸிலிருந்து எப்படி வந்தார்களோ அப்படியே இருந்தார்கள்.

டி பிரிவுப் பட்டியலை மட்டும் கொடுத்தால் என்ன என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கொடுத்தால் தாளாளர் என்ன சொல்வார் என்று தெரியும்: எட்டு மாதம் பள்ளிக்கு வந்தால் எந்தப் பிள்ளையும்தான் ஏறும். அப்படி ஏறாது என்பதற்கு என் வகுப்புதான் சாட்சி. டீச்சரின் வேலை நிலைக்க வேண்டுமென்றால் என் மானம் போயாக வேண்டும். அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

கடைசியில் இரண்டு பட்டியலையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் பெயர் எழுதவில்லை. தாளாளர் விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

“முதல்ல இருக்கிறது அந்தம்மா. தெரியுது. இது யாரு, எட்டு மாசமா ஒண்ணுமே பண்ணாத ஆளு?”

“நான்தான் சார்.”

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, “இருக்கட்டும். அந்தம்மாவுக்கு ஆர்டர் போட்டுடலாம்” என்றார். படிவத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஓடினேன் என்றே சொல்லவேண்டும். ஆசிரியர் அறையில் டீச்சர் மட்டும் இருந்தார். நடந்ததையெல்லாம் மூச்சிரைக்கச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, அவர் பிள்ளைகளின் தாள்களை முன்னால் வைத்தேன். ஆர்டரைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார், ஒரு சிரிப்பாவது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாதியில் ஒன்றை உருவி வைத்தார். கடைசியில் இன்னொன்று.

“சார், இதுங்க ரெண்டும் நகரவே இல்லையே” என்றார். குரல் உடைந்தது. “எட்டு மாசம் என் கண்ணு முன்னாடிதானே உட்கார்ந்திருந்தாங்க. எப்படி விட்டேன்?”

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இரண்டு தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் வேகமாகப் போனார்.

என் வகுப்பில் நாற்பத்தைந்து பேர் நகரவில்லை. அதற்காக நான் ஒருநாளும் அழுததில்லை.