இரண்டு ஷாட்டுக்கு நடுவே அண்ணன்

போன ஞாயிறு மத்தியானம், கடலூரில் அண்ணன் மகள் கயல் வீட்டில், சங்கரா மீன் குழம்பு சாப்பிட்ட கை வாசம் போவதற்குள் என்னை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டாள். இருபத்தைந்து வருஷத்துப் பழைய படம் ஒன்றைத் துடைத்து மெருகேற்றி, புதுப் பிரிண்ட் என்று ஓடிடியில் போட்டிருக்கிறார்களாம். படத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் "அந்தப் படமா, ஐயோ!" என்பீர்கள். அப்படி ஒரு படம்.

"சித்தப்பா, ரெண்டு மணி முப்பத்தொம்பது நிமிஷம்னு போட்டுருக்காங்க. முழுசா இருந்தா எவ்ளோ இருக்கணும்?"

பத்து நிமிஷத்துக்கு மேல் குறைகிறது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? "பாக்கலாம் போடு, இதுல வேற மாதிரி கணக்கு போடுவாங்க" என்று ஏதோ உளறினேன்.

இந்த நீளக் கணக்குப் பைத்தியம் எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. எந்தப் பழைய படம் டிவியில் வந்தாலும், தியேட்டரில் பார்த்ததையும் இதையும் ஒப்பிட்டு முனகிக்கொண்டிருப்பேன். இங்கே ஒரு சரணத்தைக் காணோம், அங்கே மழைக்கு முன்னால் ஒரு குளோசப் இருக்குமே எங்கே போச்சு, ராத்திரி நீலமாக இருந்ததே ஏன் பச்சையடிக்கிறது என்று. "படம் பாக்க உடுறாரா பாரு, பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி" என்று என் மனைவி எழுந்து போய்விடுவாள். அவள் மேல் தப்பில்லை. என்னோடு படம் பார்ப்பது கஷ்டம்தான்.

வந்த வழி அப்படி. கல்யாணத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் இரண்டாவது ஆபரேட்டராக இருந்தேன். பெரிய ஆபரேட்டர் கீரப்பாளையத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், உறவில்லாவிட்டாலும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். கேபினுக்குள் நுழைந்தால் பிலிம் ஒட்டுகிற சிமெண்டு வாசம் மூக்கில் ஏறும். இன்றைக்கும் யாராவது நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் எனக்கு மேட்னி ஷோ மணி அடிக்கிறது.

வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் வந்து மூன்றாம் நாள், ஜனம் கொட்டாவி விடுகிறது என்று தெரிந்தால், படக் கம்பெனியிலிருந்து போன் வரும். நாலாவது ரீலில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை எடுத்துவிடு, ஒன்பதாவதில் அந்தக் காமெடியை எடுத்துவிடு என்பார்கள். ஊர் ஊராக அவரவர் தியேட்டரில் அவரவர் கையால் வெட்டுவோம். வெட்டிய துண்டு பழைய ரீல் டப்பாவில் கிடக்கும், யாராவது எடுத்துப் போவார்கள். இந்தப் படத்துக்கும் மூன்றாம் நாளே போன் வந்தது. அவர்கள் சொன்ன இடங்களில் ஒன்றில் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

அண்ணன் கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை. துறைமுகத்தில் ஷூட்டிங் நடந்தபோது, ஐஸ்கட்டி உடைத்துக்கொண்டிருந்தவனை அப்படியே இழுத்து கேமரா முன்னால் நிறுத்திவிட்டார்கள். கதாநாயகி வந்து ஒருத்தரைத் தேடுவாள். அண்ணன் நிமிர்ந்து, "அவுரு கடலுக்குப் போயி ரெண்டு நாளாச்சும்மா, வந்தா சொல்றேன்" என்பான். அவ்வளவுதான். சிரிக்காதே என்று பத்து தடவை சொல்லியும் கடைசியில் லேசாகச் சிரித்துவிடுவான். சென்னையில் டப்பிங் பேச வந்தவர் யாருக்கும் அந்த "போயி" சரியாக வரவில்லையாம். அவனையே பஸ் ஏறி வரச் சொன்னார்கள். திரும்பி வந்து ஒரு வாரத்துக்கு அலட்டல் தாங்க முடியவில்லை. "மைக்கு முன்னாடி மூச்சு உடக் கூடாதுங்குறாண்டா. மூச்சு உடாம எப்புட்றா பேசறது?"

வெட்டினேன். வேலை அது. ஆனால் மனசு கேட்குமா? எங்கள் குப்பத்திலிருந்து யாராவது படம் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால், அந்த ஷோவுக்கு மட்டும் துண்டை எடுத்து மறுபடி ஒட்டிவிடுவேன். ஷோ முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுவேன். ஒரு மேட்னிக்கு அண்ணன், அண்ணியோடு வேன் பிடித்து முப்பது பேர் வந்துவிட்டார்கள். அண்ணன் முகம் வந்ததும் விசில் பறந்த பறப்பில் அவன் பேசியது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவனோ, "அய்யய்யோ, மூக்கு இம்மாம் பெருசாவா இருக்கு?" என்று கையால் முகத்தை மூடிக்கொண்டானாம். அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"இன்னா மச்சான், ஒங்க அண்ணனுக்குன்னு தனிப்படமா ஓட்டுற?" என்பார் பெரிய ஆபரேட்டர். ஆனால் ஒட்டுவதற்கு அவரே கூடவந்து பிடித்துக்கொள்வார்.

எங்கள் தியேட்டரில் ஓட்டம் முடிந்து பிரிண்ட் பெட்டி பண்ருட்டிக்குக் கிளம்புகிற நாளன்றும் அந்தத் துண்டு உள்ளேதான் ஒட்டியிருந்தது. "பிரிச்சி வூட்டுக்கு எடுத்துனு போய்டு மச்சான், ஒரு ஞாபகமா இருக்கும்" என்றார் அவர். கத்தரி கையில் இருந்தது. நாலு அடி நடந்தால் ரீல். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வூட்ல வெச்சி இன்னா பண்றது? மிசினா இருக்கு ஓட்ட? படத்தோடவே போவட்டும், நாலு ஊரு ஜனம் எங்க அண்ணன பாக்கட்டும்." பெருமை! துண்டை எதற்கு வைத்துக்கொள்வது, ஆளே பக்கத்தில் இருக்கும்போது என்கிற நினைப்பு. பெட்டி போய்விட்டது.

மறுவருஷம் மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்ச் சேர்ந்தான். கயலுக்கு அப்போது ஏழு மாசம்.

கல்யாண போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் ஆணி அடித்த மாதிரி விறைத்து நிற்கிறான். அவன் நடந்தது, நிமிர்ந்தது, பேசியது எல்லாம் அந்த ஒரு துண்டில்தான். படம் சிடியாக வந்தது, ஓடிப்போய் வாங்கினேன், இல்லை. டிவியில் வந்தது, விளம்பரங்களுக்கு நடுவே கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன், இல்லை. டிவிடி வந்தது, கயல் தன் முதல் சம்பளத்தில் பழைய கடையில் தேடி வாங்கி வந்தாள், அதிலும் இல்லை. கடைசியில் படக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடித்து போனில் கேட்டேன். "மூல நெகட்டிவ்லயே வெட்டி எடுத்துட்டோம் சார். எடுத்ததெல்லாம் யாரு வெச்சிருப்பா?" என்றார். பிரிண்ட்டுகள்? "அதெல்லாம் எடைக்குப் போயி எத்தினியோ வருஷம் ஆச்சு." அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. என் கையிலிருந்ததை நானே அனுப்பிவிட்டு, யாரோடு போய்ச் சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பிரிண்ட் பளிச்சென்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது, தியேட்டரில்கூட நான் பார்க்காத பளிச். படகுகளின் பெயர்களை வாசிக்க முடிகிறது. கதாநாயகி துறைமுகத்துப் பலகையில் நடந்து வருகிறாள். அடுத்த ஷாட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். இசை மட்டும் சின்னதாக ஒரு குதி குதிக்கும், மற்றவர்களுக்குத் தெரியாது.

கயலுக்குத் தெரியும். நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பலகை, மறுபடி பஸ். மூன்று தடவை. அப்புறம் நடுவில் சரியாக நிறுத்தி, "இங்கதான சித்தப்பா?" என்றாள்.

"இங்கதாம்மா."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் வேலை இருந்திருக்கும், தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"அப்பா பேசுனத நீங்க பேசிக் காட்டுங்களேன்."

பேசிக் காட்டினேன். அவுரு கடலுக்குப் போயி ரெண்டு நாளாச்சும்மா, வந்தா சொல்றேன். கடைசியில் சிரிக்கவும் பார்த்தேன், வரவில்லை.

"அப்பா கொரலு இப்பிடித்தான் இருக்குமா? ஒங்க கொரலு மாதிரியேவா?"

"அச்சு அசல் இதேதான்" என்றேன். அவள் போனை எடுத்து, "இன்னொரு வாட்டி சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்" என்றாள். சொன்னேன். அண்ணன் குரல் எப்படியிருக்கும் என்பது எனக்கு மறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது.