நாக்கில் தொட்ட கசப்பு

கச்சிமுகம்மது காக்காவைச் சிரிக்க வைத்தால் விழுந்துவிடுவார். சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை இழுக்கிற எங்கள் எல்லோருக்கும் அவர் காக்கா, அண்ணன் முறை. எல்லோருக்கும் இது தெரியும். ஒரு பகிடி விடுவோம். அவர் வாயைத் திறந்து சிரிக்கத் தொடங்குவார். உடனே முழங்கால் இரண்டும் மடங்கி மணலில் சரிவார், தலை தொங்கிப்போகும், கண் மட்டும் திறந்திருக்கும். நாலைந்து மூச்சு விடுகிற நேரத்தில் எழும்பி, இடுப்புச் சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். அவர் விழுவதைப் பார்ப்பதற்கென்றே பகிடி விட்டவர்களில் நானும் ஒருவன். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்லலாம்.

அவருடைய தொழில் மீன் பார்ப்பது. மீராசா முதலாளியின் கரைவலைக்கு அவர்தான் கண். தென்னங்குற்றியில் கட்டிய பரணில் ஏறி நின்று, கடல் எங்கே கறுக்கிறது, எங்கே சிலிர்க்கிறது என்று காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீன் கூட்டம் வந்தால் தோளில் கிடக்கிற துணியை வீசுவார். தோணி அந்தப் பக்கம் வலையைக் கொண்டு பாயும். அவர் ஒரு கணம் கண் அயர்ந்தால் முப்பது குடும்பத்தின் அன்றைய சோறு பக்கத்து வலைக்குப் போய்விடும்.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து சுகமாகியது. அதன்பிறகு அந்தக் கண் அவர் சொல் கேட்கவில்லை. பரணில் நின்றபடியே உறங்குவார். சோறு குழைத்த கையோடு உறங்குவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கம் முடிவதற்குள் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்துவிடுவார். சோம்பல் என்றோம், சைத்தான் என்றோம். தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தோம். கடைசியில் 'உறங்கி' என்று பட்டம் வைத்துவிட்டுச் சும்மா இருந்தோம்.

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் பக்கத்து ஊர் மருந்துச் சாலைக்கு வந்தார். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அவர்தான் காக்காவை உட்கார வைத்து ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார். இது சோம்பல் இல்லை, மூளையில் உறக்கத்தைக் கட்டி வைக்கிற இடம் பழுதாகிப்போன வருத்தம், ஒரு நோய் என்றார். சிரித்தாலும் கோபப்பட்டாலும் கால் விட்டுப்போவதும் அதே வருத்தம்தானாம். காக்காவின் பேருக்கென்று கொழும்பிலிருந்து மாதாமாதம் ஒரு சின்னப் போத்தலில் வெள்ளை மாத்திரை வரச் செய்தார். காலையில் ஒன்று, பகலில் ஒன்று. நாக்கில் பட்டால் வேப்பங்காய்க் கசப்பு.

மாத்திரை தொடங்கிய கிழமை ஒரு நாள் அவர் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை பரணில் கல்லாக நின்றார். நாலு தரம் துணி வீசினார், நாலு தரமும் வலை நிறைந்தது. இறங்கி வந்து என்னிடம், "தம்பி, கடல் இவ்வளவு பெரிசெண்டத நான் மறந்தே போனன்டா" என்றார். வழக்கம்போல் நான் ஒரு பகிடி விட்டேன். சிரித்தார். விழவில்லை. அவர் நின்றுகொண்டே சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அந்தப் போத்தலை வாங்கி வந்து கொடுப்பவன் ஜவுபர். காக்காவின் மனைவி ஹாஜறாவுக்கு மூத்த சகோதரன். அந்த மருந்துச் சாலையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் அவனுக்கு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்த்தான் வாழ்வது வழக்கம். வீடு பெண்ணுக்குச் சீதனம். ஹாஜறாவின் வாப்பா நேரத்தோடு மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டதால், தங்கச்சிக்காக அந்த வீட்டைக் கல்லுக் கல்லாகக் கட்டியவன் ஜவுபர்தான். நல்ல காரியம். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஒன்றரை வருடத்தில் அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்த போத்தலில் மாத்திரை வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் கசக்கவில்லை, சுண்ணாம்பு மாதிரி நாக்கில் கரைந்தது.

"என்ன மச்சான், கசப்பக் காணல்லியே?" என்று காக்கா கேட்டார்.

"புதுக் கொம்பனி மச்சான். இப்ப கசப்பில்லாமத்தான் வருது. சந்தேகப்படாமக் குடிங்க" என்றான் ஜவுபர்.

குடித்தார். பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்: "அவன் கட்டின ஊட்டுக்குள்ள படுத்து எழும்பிக்கி, அவன் தாற மருந்த சந்தேகப்படுறதா? என்ட நாக்குத்தான் பழுதாப் போச்செண்டு நினைச்சன்."

ஒரு கிழமைக்குள் உறக்கம் திரும்பி வந்தது. ஐம்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில் ஒரு காலை, கடல் கறுத்து ஒரு பெரிய கீரிமீன் கூட்டம் எங்கள் கண்முன்னே வந்தது. துணி அசையவில்லை. நாங்கள் கத்திக் கூப்பிட்டபோது அவர் பரண் கம்பில் கன்னத்தை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வலைக்காரர்கள் அந்த மீனை அள்ளியதைக் கரையில் நின்று பார்த்தோம். மீராசா முதலாளி மணலில் உட்கார்ந்துவிட்டார். பேசியது நான். "மாத்திரை குடிச்சும் உறங்கிறாரெண்டா அது வருத்தமில்ல, கொழுப்பு" என்றேன், அவர் காதில் விழும்படியாகவே. அன்றோடு பரண் வேறொருவருக்குப் போனது. கருவாடு காய்கிற இடத்தில் காகம் விரட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. கடலைப் படித்த மனிதன் காகம் விரட்டினார்.

அந்த வருடக் கடைசியில் காரைதீவிலிருந்து அழகரெத்தினம் வாத்தியார் சைக்கிளில் மீன் வாங்க வந்தார். உத்தியோக உயர்வுக்கு ஏதோ பரீட்சை எழுதப்போகிறார். கண் பிதுங்கியிருந்தது, பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தது. காக்கா உட்கார்ந்தபடி தலை ஆடுவதைப் பார்த்துவிட்டு இரங்கினார்.

"மூளைக்கு ஒரு மாத்திரை இரிக்கு காக்கா. புத்தகத்த எடுத்தா வைக்க மனமில்ல, படிச்சது அப்பிடியே நிக்குது. ஒண்டு போட்டுப் பாருங்க."

காக்கா அதை நாக்கில் வைத்தார். பக்கத்தில் நின்ற நான் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்; பழைய வேப்பங்காய்க் கசப்பு என்று பிறகுதான் சொன்னார். உடனே வெளியே எடுத்துவிட்டார்.

"இது எங்க வாங்கினீங்க சேர்?"

"உங்கட மச்சான் ஜவுபரிட்டத்தான். சோதினைக்குப் படிக்கிற கனபேர் அவரிட்டத்தானே வாங்கிற? ஏன், உங்களுக்குத் தரல்லியா?"

காக்கா ஈரமான மாத்திரையைச் சாரத்தின் முந்தியில் முடிந்துகொண்டார். புது டாக்டரிடம் காட்ட ஒரு சாட்சி வேண்டுமே என்று நினைத்தார். அதை அப்போதே விழுங்கியிருக்க வேண்டிய மனிதர்.

பிறகு நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். மருந்துச் சாலைக்கு நேரே போனார். புது டாக்டர் மேசையில் இருந்தார், பின்னால் ஜவுபர் நின்றான். காக்கா முந்தியை அவிழ்த்து மாத்திரையைக் கையில் எடுத்தார். "ஐயா" என்று வாயைத் திறந்தார். ஜவுபரின் முகத்தைப் பார்த்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கால் விட்டது. டாக்டருக்கு முன்னால், ஜவுபரின் காலடியில் சரிந்தார். தாடை தொங்கிவிட்டது, நாக்கு எழும்பவில்லை. ஆனால் கண் பார்த்தது, காது கேட்டது.

மாத்திரை சீமெந்துத் தரையில் உருண்டது. ஜவுபர் குனிந்து எடுத்தான்.

"பாத்தீங்களா ஐயா? குடுக்கிறதக் குடிக்கிறல்ல, முடிஞ்சி வெச்சிக்கி திரியிறார். என்ட தங்கச்சிட மாப்பிள்ள எண்டுதான் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தன்."

டாக்டர் மருந்துப் பதிவுக் கொப்பியைப் புரட்டினார். மாதம் தவறாமல் கொடுத்ததாக அதில் இருந்தது. வீணாகக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கத் தேவையில்லை என்று ஒரு கோடு கீறினார். காக்கா தரையில் கிடந்து அந்தக் கோடு கீறுகிற சத்தத்தையும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஹாஜறாவிடம் சொன்னார். அவள் அழுதாள். அழுதுவிட்டுச் சொன்னாள்: "அவர் என்ட கூடப்பொறந்த காக்கா. வேல போனா அவர்ர புள்ளைகள் என்ன செய்யிற? அல்லாஹ்வுக்காக வெளியில கதைச்சிராதீங்க. நீங்க எப்பிடியும் உறங்கிற ஆள்தானே."

ஜவுபர் செய்ததை விடக் கடைசியாக அவள் சொன்னதுதான் அவரைக் கொன்றது. பாயையும் இரண்டு சாரத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். போக அவருக்கு ஒரு வீடு இல்லை. உம்மாவின் வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விட்டது, இந்த வீடு பெண்டாட்டியுடையது. கடற்கரையில் வலை போட்டு வைக்கிற வாடிக்கு வந்தார்.

அங்கே வைத்துத்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அடுத்த நாளே நான் டாக்டரிடம் ஓடினேன். "மாத்திரை வாங்கின ஆளக் கூட்டி வாரும், பாப்பம்" என்றார். காரைதீவுக்கு ஓடினேன். வாத்தியார் பரீட்சை எழுதி முடித்திருந்தார். சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நான் மாத்திரை ஒண்டும் வாங்கல்ல தம்பி. மீன்தான் வாங்கின" என்றார்.

திரும்பி வாடிக்கு வந்து இதைச் சொன்னேன். "நீங்க ஏன் காக்கா இப்பிடிச் சும்மா இரிக்கீங்க? உங்களுக்குக் கோபம் வரல்லியா?" என்று கத்திவிட்டேன்.

அவர் வலைக் குவியலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"கோபப்படோணுமெண்டாலும் எனக்கு அந்த மாத்திரை வேணும் தம்பி. அது அவன்ட கையில இரிக்கி."

சொல்லி முடிப்பதற்குள் அவர் முழங்கால் ஆடத் தொடங்கியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் விழும்போது நான் பிடித்தது அதுதான் முதல் தடவை.